எந்த நாளின் புளூபேர்ட்? கே7 மறுசீரமைப்பு பற்றிச் சில குறிப்புகள்

ஒரு பழைய இயந்திரத்தை "அப்படியே பழையபடி" கொண்டுவந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஒரு கேள்வி வரும். எந்த நாளின் பழையபடி? வாங்கின அன்றா, நல்லா ஓடின அன்றா, நின்றுபோன அன்றா? மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. "பழைய வெர்ஷனுக்குப் போயிடலாம்" என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால் அடுத்த ஆள் "எந்த வெர்ஷன்?" என்று கேட்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். புளூபேர்ட் கே7 என்ற ஜெட் படகின் மறுசீரமைப்பைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பாராட்டி எழுதியவர்களும் சரி, திட்டி எழுதியவர்களும் சரி, இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

கதை தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டொனால்ட் காம்ப்பெல் என்ற ஆங்கிலேயர். அப்பா சர் மால்கம் காம்ப்பெலும் தரையிலும் தண்ணீரிலும் வேகச் சாதனை படைத்தவர். மகனுக்காக கென் நாரிஸ், லூ நாரிஸ் என்ற சகோதரர்கள் வடிவமைத்த படகுதான் கே7. 1955 ஜூலை 23 அன்று இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் உள்ள அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல். அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவின் லேக் மீடில் 216.20. பிறகு 1956, 57, 58, 59 என்று வருஷத்துக்கு ஒன்றாக நான்கு சாதனைகள், நான்கும் கோனிஸ்டன் ஏரியில். கடைசியாக 1964 டிசம்பர் 31 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33. ஒரே படகு, ஒரே ஓட்டுநர், ஏழு உலக சாதனை. அதே 1964 ஜூலையில் தரையிலும் 403.10 மைல் வேகச் சாதனை வைத்திருந்தார். ஒரே வருடத்தில் தரை, தண்ணீர் இரண்டிலும் சாதனை படைத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

1967 ஜனவரி 4. கோனிஸ்டன் ஏரி. 300 மைலைத் தாண்ட வேண்டும் என்பது இலக்கு. விதிப்படி அளந்து வைத்த ஒரு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு திசையிலும் ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. முதல் ஓட்டம் 297.6. திரும்பி வரும் ஓட்டத்தில், முதல் ஓட்டத்தின் அலைகள் அடங்கும்வரை காத்திருக்காமல் கிளம்பினார். வேகம் ஒரு கட்டத்தில் 328ஐத் தொட்டது. மூக்கு தூக்கியது, படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் அடித்துச் சிதறியது. காம்ப்பெலின் பொம்மைக் கரடி மிதந்தது. அவர் உடல் கிடைக்கவில்லை.

முப்பத்துநான்கு வருடம் அப்படியே கிடந்தது. பில் ஸ்மித் என்ற நீரடி ஆய்வாளர், மாரில்லியன் என்ற ராக் குழுவின் ஒரு பாட்டைக் கேட்டு ஆர்வம் வந்து தேட ஆரம்பித்தார். 2001 மார்ச் 8 அன்று படகின் பெரும்பகுதியை மேலே கொண்டுவந்தார்கள். மே 28 அன்று காம்ப்பெலின் உடல் கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று கோனிஸ்டன் கிராமத்தில் அடக்கம். தேதியைப் பாருங்கள். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த மறுநாள். வேறொரு வாரமாக இருந்திருந்தால் உலகம் முழுக்க முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

கதை இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தண்ணீரில் கிடந்த ஒரு விமானத்தரப் படகு என்ன நிலையில் வெளியே வரும்? கோனிஸ்டன் நன்னீர் ஏரி. கடலாக இருந்திருந்தால் பேசுவதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அவற்றில் எளிதாகக் கரையக்கூடிய உலோகம் கரைந்துபோகும். நன்னீரிலும் இது நடக்கும், ஆனால் மெதுவாக. கூடவே ஏரியடிச் சேறு படகை மூடியிருந்ததால் ஆக்சிஜன் குறைவு. எஃகுக் குழாய்களால் ஆன சட்டகமும் அலுமினியக் கலவைத் தகடுகளும் ஆச்சரியப்படும் அளவுக்குத் தப்பித்தன. நீல வண்ணம்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. தப்பிக்காதது என்ஜினில் இருந்த மக்னீசியக் கலவைப் பாகங்கள். உலோகங்களின் இந்தச் சண்டையில் மக்னீசியம்தான் எப்போதும் முதலில் போகும். அதனால் அந்த என்ஜினை மறுபடி ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அதே ரகத்தில் வேறொன்று தேட வேண்டியதாயிற்று.

அந்த என்ஜின் நமக்குத் தெரிந்த என்ஜின் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டல் சிடெலி ஆர்ஃபியஸ். ஃபோலண்ட் நாட் என்ற குட்டிப் போர்விமானத்தின் என்ஜின். 1965 போரில் நம் விமானப்படை ஓட்டிய அதே நாட். ஆர்ஃபியஸை பெங்களூரில் ஹெச்.ஏ.எல். உரிமம் வாங்கி உற்பத்தி செய்தது. நாட்டுக்கு மட்டும் இல்லை, மாருத் போர்விமானத்துக்கும் இதே குடும்பத்து என்ஜின்தான். காம்ப்பெல் உதிரிபாகத்துக்காக ஒரு நாட் விமானத்தையே வாங்கி வைத்திருந்தார். அதன் வால் துடுப்பையும் எடுத்துப் படகின் பின்னால் பொருத்திவிட்டார்கள். கே7இன் கடைசிக் காலப் படங்களில் பின்னால் நிமிர்ந்து நிற்கிறதே, அது விமானத்தின் வால்.

இது சும்மா சுவாரசியத்துக்காகச் சொன்னது இல்லை. என் முக்கியமான குறையே இங்கேதான் தொடங்குகிறது.

கே7 படைத்த ஏழு சாதனைகளும் மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் பெரில் என்ற பழைய என்ஜினில் படைத்தவை. அதன் உந்துவிசை ஏறக்குறைய 3,500 பவுண்டு. 1966இல்தான் பெரிலைக் கழற்றிவிட்டு, அதைவிட எடை குறைந்த, அதைவிட பலமான ஆர்ஃபியஸைப் போட்டார்கள். உந்துவிசை சுமார் 4,500 பவுண்டு. அந்தப் புது வடிவத்தில் படகு தொடக்கத்திலிருந்தே படுத்தியது. நவம்பர் சோதனையில் காற்று உறிஞ்சும் வாய்ப்பகுதி உள்பக்கமாக நொறுங்கி, துண்டுகள் என்ஜினுக்குள் போய் என்ஜினே வீண். மாற்று என்ஜின் போட்ட பிறகு எரிபொருள் அமைப்பில் கோளாறு. வானிலையும் மோசம். அத்தனையும் தாண்டி ஜனவரி 4க்கு வந்தார்கள். அன்றைக்கு முதல் ஓட்டம் மட்டும் கணக்கில் நிற்கிறது, இரண்டாவது முடியவில்லை. ஆக ஆர்ஃபியஸ் என்ஜினும் நாட் வாலும் கொண்ட கே7 ஒரு சாதனையும் படைக்கவில்லை. அந்த வடிவத்துக்கு வரலாற்றில் இருப்பது ஒரு விபத்து மட்டும்.

இன்று மீட்கப்பட்டு நிற்பது அந்த வடிவம்தான்.

இதை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஏரியிலிருந்து வந்த உலோகம் 1967இன் உலோகம். அதை 1959க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் கையில் இருக்கும் நிஜப் பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, இல்லாத பெரிலைத் தேடி, கற்பனையில் நிறையச் செய்ய வேண்டும். கடைசி நிலைக்குத்தான் சான்று அதிகம், அதனால் கடைசி நிலைக்கு மீட்டார்கள். நியாயம். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள்? "ஏழு உலக சாதனை படைத்த படகு மறுபடி பறந்தது." சட்டகம் அதுதான், தகடு அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்வையாளர் எதிரில் நிற்பது ஏழு தடவை வென்ற ஏற்பாடு இல்லை. ஒரு தடவை ஓடி ஆளைக் கொன்ற ஏற்பாடு. இந்த வித்தியாசத்தைப் பெயர்ப்பலகையில் இரண்டு வரி போட்டாலே பார்க்கிறவர் கண் மாறிவிடும். அந்த வால் துடுப்பை அவர் வேறு மாதிரி பார்ப்பார்.

கே7 எப்போதுமே ஒரே பொருளாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1955 தொடக்கத்தில் அது தண்ணீரைவிட்டு எழவே மறுத்தது, சாரல் என்ஜின் வாய்க்குள் புகுந்தது, அமைப்பை மாற்றினார்கள். பிறகு ஓட்டுநர் மூடி மாறியது. பின்னால் தண்ணீர் பிரேக் வந்தது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சம். அந்தச் சகோதரர்களும் லியோ வில்லா என்ற தலைமை மெக்கானிக்கும் அதைப் புனிதப் பொருளாக வைத்திருக்கவில்லை, வேலைப் பொருளாக வைத்திருந்தார்கள். வெர்ஷன் எண் போடாத ஒரு நீண்ட புராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஜான் ரஸ்கின் வருகிறார். காந்தியின் வாழ்க்கையை மாற்றிய புத்தகத்தை எழுதியவர் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். காந்தி அதைத்தான் குஜராத்தியில் "சர்வோதய" என்று தந்தார். ரஸ்கின் தன் கடைசிக் காலம் முழுக்க கோனிஸ்டன் ஏரிக்கரையில், பிராண்ட்வுட் என்ற வீட்டில் வாழ்ந்தார். அந்த ஊர் தேவாலய வளாகத்தில்தான் புதைக்கப்பட்டார். அவர் நினைவாக 1901இல் அந்த ஊரில் தொடங்கிய ரஸ்கின் மியூசியத்துக்குத்தான் 2006இல் காம்ப்பெலின் மகள் ஜீனா காம்ப்பெல் கே7ஐக் கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், மறுசீரமைப்பு என்ற கருத்துக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்த மிகப் பெரிய எதிரி ரஸ்கின். 1849இல் கட்டடக்கலை பற்றி அவர் எழுதிய நூலில், ஒரு பழைய கட்டடத்தை மீட்கிறோம் என்பது பொய், அது ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய அழிவுகளில் எல்லாம் மோசமான அழிவு என்ற தொனியில் வாதிடுகிறார். செய்தவனின் கை அந்தக் கல்லில் விட்டுப்போனதை இன்னொரு கை திரும்பக் கொண்டுவர முடியாது. ஒழுங்காகப் பராமரி, மீட்க வேண்டிய தேவையே வராது. அதையும் மீறி அதன் காலம் முடிந்தால் கௌரவமாக முடியட்டும். இதுதான் அவர் கட்சி. வில்லியம் மாரிஸ் இதை எடுத்துக்கொண்டு 1877இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்கத் தொல்லியல் துறைகள் "பாதுகாப்பு வேறு, மறுசீரமைப்பு வேறு" என்று பேசுவதில் பாதி அங்கிருந்து வந்தது.

அப்படிப்பட்டவர் பெயர் கொண்ட மியூசியத்தில் முழுக்க மீட்கப்பட்ட ஒரு படகு. ரஸ்கின் என்ன சொல்லியிருப்பார்? என் கணிப்பு, சிதைந்த படகை அப்படியே வை என்றுதான் சொல்லியிருப்பார். உண்மையில் 2000களில் அந்த வாதம் இருந்தது. பாதுகாப்புத் துறைப் பார்வையில் அந்த நசுங்கிய உலோகம் ஒரு சான்று. எந்தத் தகடு எந்தப் பக்கம் மடிந்தது, எந்த ஆணி எந்தத் திசையில் அறுந்தது என்பதெல்லாம் அந்தச் சில வினாடிகளின் பதிவு. நிமிர்த்தினால் பதிவு அழிந்தது. லாட்டரி நிதியமைப்பிடம் உதவி கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் நன்கொடை, தொண்டர்கள், பொருள் கொடுத்து உதவிய நிறுவனங்கள் என்றுதான் வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு பட்டறையில் பில் ஸ்மித் குழு வேலையை நடத்தியது.

நான் இந்த விஷயத்தில் ரஸ்கின் பக்கம் இல்லை. கோயில் சிற்பத்திலோ தேவாலயத் தூணிலோ ஒரு தனிக் கையின் உளித்தடம் உண்டு. கே7இன் தகட்டில் அப்படி இல்லை. வரைபடத்தில் ஒரு அளவு, அந்த அளவுக்கு ஒரு தகடு. அது சரியா தப்பா என்பதை ஓட்டிப் பார்த்தால் தெரியும். ஓடுவதுதான் அதன் அர்த்தம். இந்தக் குழு செய்ததில் நான் மிகவும் மதிக்கும் விஷயம், புதுத் தகடு வாங்கி ஒட்டுவது சுலபமாக இருந்தும் பழைய உலோகத்தை முடிந்தவரை காப்பாற்றியது. அப்பளம் மாதிரி நொறுங்கிய அலுமினியத்தைச் சூடாக்கி, பதம் குறைத்து, மறுபடி தட்டி நிமிர்த்துவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது தகட்டு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. சூடு கொஞ்சம் தாண்டினால் சட்டென்று உருகி ஓட்டை. அதனால் பழைய ஆட்கள் தகட்டின்மேல் சோப்பைத் தடவிச் சூடாக்குவார்கள். சோப்பு கருத்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒவ்வொரு தகடாக. காசு கணக்குப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்.

ஆனால் விபத்தில் படகின் முன்பகுதி பிய்ந்துபோயிருந்தது. ஓட்டுநர் உட்காரும் இடமும் அதில் அடக்கம். மீட்ட படகின் முன்பக்கத்தில் புது உலோகம் அதிகம், பின்பக்கத்தில் பழசு அதிகம். அத்தனையும் ஒரே நீலத்தில் பளபளவென்று பூசப்பட்டிருக்கிறது. எது 1955, எது 2010களில் வந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. ஓவியங்களைச் சரிசெய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உதிர்ந்த இடத்தை நிரப்பும்போது கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிற மாதிரி மெல்லிய கோடுகளால் நிரப்புவார்கள், தள்ளி நின்று பார்த்தால் முழு ஓவியம். படகுக்கு அப்படிக் கோடு போட முடியாதுதான். ஆனால் பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்து, பழசை ஒரு நிறத்திலும் புதுசை ஒரு நிறத்திலும் காட்டலாமே. எங்கள் தொழிலில் எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். அந்த வசதி இந்தப் படகுக்கும் வேண்டும்.

வேறு வழிகளும் இருந்தன என்பதற்கு இரண்டு உதாரணம். ஜான் காப் என்பவர் க்ரூசேடர் என்ற ஜெட் படகில் 1952 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் 200 மைலைத் தாண்டி ஓடியபோது படகு உடைந்து இறந்தார். ஏரியின் ஆழத்தில் அந்தப் படகு 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எடுக்கவில்லை. 2005இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்து, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். ரஸ்கின் ஒப்புக்கொண்டிருப்பார். நேர் எதிர்த்திசையில் மிஸ் இங்கிலாந்து 2. சர் ஹென்றி சீக்ரேவ் 1930 ஜூன் 13 அன்று விண்டர்மியர் ஏரியில் அதை ஓட்டி 98.76 மைல் சாதனை வைத்துவிட்டு, அன்றே அதே படகில் விபத்தில் இறந்தார். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் ஒருவரும் இறந்தார். படகைத் தூக்கி, சரிசெய்து, அடுத்த வருஷமே கே டான் என்பவர் அதில் 110 மைலைத் தொட்டார். யாரும் நெறிமுறை பேசவில்லை. சொந்தக்காரர் வேண்டும் என்றார், செய்தார்கள். அன்றைக்கு அது பாரம்பரியச் சின்னம் இல்லை, விலை உயர்ந்த ஒரு யந்திரம், அவ்வளவுதான்.

கே7 இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அது கல்லறையும்கூட, யந்திரமும்கூட. 2001இல் உடல் கிடைத்து அடக்கம் ஆன பிறகுதான் மீட்கும் பேச்சுக்கு ஒரு நியாயம் வந்தது என்பது என் கருத்து. அப்பா ஒரு இடத்தில் உறங்குகிறார், படகு இன்னொரு இடத்தில் ஓடலாம் என்று மகளால் நினைக்க முடிந்தது. அந்த முடிவில் வெளியாட்கள் நமக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பியூட் தீவில் உள்ள ஃபாட் ஏரியில் கே7 ஓடியது. வேகம் சுமார் 150 மைல் வரை. பழைய உச்சத்தில் பாதிகூட இல்லை. காணொளிகளைப் பார்த்தால் எனக்குப் பிடிப்பது அந்த உச்ச வேகம் இல்லை, தொடக்கம். இந்த வகைப் படகு நின்றிருக்கும்போது தண்ணீரில் அழுந்திக் கிடக்கும். என்ஜின் தள்ளத் தள்ள சாரலைக் கக்கிக்கொண்டு தடுமாறும். ஒரு கட்டத்தில் சட்டென்று எழும். பிறகு முன்னால் இரண்டு மிதவைகளின் பின்நுனியும் வால்பக்கமும் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். மூன்றே புள்ளி. அதற்கு மேல் அது படகா விமானமா என்பது விவாதத்துக்குரியது. வேகம் கூடக் கூட அடியில் புகும் காற்று தூக்கும். மூக்கு ஒரு சில டிகிரி அதிகமாக நிமிர்ந்தாலே போதும், அந்தத் தூக்கலை எதிர்க்க ஒன்றும் இல்லை. 1967இல் நடந்தது என்ன என்பதைப் பத்துப் பக்கம் படித்துப் புரிந்துகொள்வதைவிட, 2018இல் அது தடுமாறி எழுவதைப் பார்த்தால் நன்றாகப் புரியும். ஓடும் நிலைக்கு மீட்டதன் நியாயத்தை நான் அங்கேதான் காண்கிறேன். சியாட்டில் மியூசியத்தில் கூரையிலிருந்து தொங்கும் ஸ்லோ-மோ-ஷன் 4 அழகுதான், 1950இல் 160 மைல் ஓடிச் சாதனை படைத்ததுதான். ஆனால் தொங்குகிற படகு அந்த எழும் கணத்தைக் காட்டாது.

அதே நேரம், ஓட்டும் ஒவ்வொரு தடவையும் பழைய உலோகத்தைப் பணயம் வைக்கிறோம். பாடுபட்டு நிமிர்த்திய அதே தகடுகள். வருடத்துக்கு நாலு தடவை கூட்டம் கூட்டி ஓட்டினால் தேய்மானம் வரும், பாகம் மாற்ற வேண்டும், இருபது வருடத்தில் அந்த "முடிந்தவரை பழைய உலோகம்" என்ற பெருமை கரைந்துபோகும். எப்போதாவது, வேகம் குறைத்து, காரணத்தோடு ஓட்டட்டும். காட்சிப்பொருள் வியாபாரமாக ஆக்க வேண்டாம்.

பியூட் தீவு ஓட்டத்துக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் கசப்பான கதை. படகு பட்டறையிலேயே இருந்தது. அதற்காகவே ரஸ்கின் மியூசியம் கட்டிய புதுப் பகுதி படகு இல்லாமல் காத்திருந்தது. நாங்கள் செய்த புதுப் பாகங்கள் எங்களுடையது, ஆகவே படகில் எங்களுக்கும் பங்குண்டு என்பது மீட்டவர் தரப்பு. எழுதிக்கொடுத்த தானம் எங்களுக்கு, படகு எங்களுடையது என்பது மியூசியம் தரப்பு. விஷயம் 2023இல் வழக்கு வரை போனது. 2024இல் ஸ்மித் உரிமை கோருவதைக் கைவிட, மார்ச் 9 அன்று படகு கோனிஸ்டன் திரும்பியது.

யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்லும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் ஓப்பன் சோர்ஸ் பக்கம் கொஞ்ச நாள் சுற்றியவர்களுக்கு இந்தச் சண்டையின் வடிவம் தெரிந்திருக்கும். செத்துப்போன ஒரு புராஜெக்டை ஒருத்தர் எடுக்கிறார். பத்துப் பதினைந்து வருடம் சம்பளமில்லாமல் எழுதுகிறார். பாதி கோட் அவருடையது ஆகிவிடுகிறது. மனதளவில் முழுதும் அவருடையது ஆகிவிடுகிறது. சட்டப்படி பெயர் வேறொருவருடையது. நான் பங்களித்த ஒரு சின்ன புராஜெக்டிலேயே இது நடந்து, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். ஆரம்பத்திலேயே "நீங்கள் சேர்ப்பது யாருக்குச் சொந்தம்" என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். உற்சாகமாக இருக்கும்போது யாருக்கும் அந்தப் பேப்பர் ஞாபகம் வராது. அதைக் கேட்பதே அவமரியாதை மாதிரி தோன்றும். கே7 விஷயத்தில், மியூசியங்களும் தொண்டர் குழுக்களும் படிக்க வேண்டிய பகுதி தகட்டு வேலை இல்லை, இதுதான். ஒரு பொருளை ஓடும் நிலைக்கு மீட்க ஒப்புக்கொள்கிற நாளிலேயே சேர்க்கப்படும் பாகங்கள், ஓட்டும் உரிமை, எத்தனை வருடத்தில் ஒப்படைப்பது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். காரணம், மீட்பு வெற்றி பெற்றால்தான் சண்டையே வரும். உடைந்த படகுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

இப்போது படகு மியூசியத்தில் இருக்கிறது. நான் அங்கே போனால் பார்க்க விரும்புவது படகை மட்டும் இல்லை. நிமிர்த்த முடியாது என்று ஒதுக்கிய நசுங்கிய தகடுகளில் ஒன்று, கரைந்துபோன பழைய என்ஜினின் மிச்சம், புதுசையும் பழசையும் பிரித்துக் காட்டும் அந்த வரைபடம், கூடவே பெரில் என்ஜின் காலத்துப் புகைப்படம் ஒன்று. இவை படகுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வேறு அறையில் இல்லை.

கோனிஸ்டன் ஏரியில் சாதாரண நாளில் வேக வரம்பு மணிக்கு 10 மைல். நவம்பரில் சாதனை வாரம் என்று ஒரு வாரம் மட்டும் படகுப் பந்தயக்காரர்களுக்கு அனுமதி வாங்கித் தளர்த்துகிறார்கள். கே7 அங்கே மறுபடி ஓட வேண்டுமானால் அப்படி ஒரு அனுமதி வேண்டும். கிடைத்தால் நான் இணையத்தில் பார்ப்பேன், எழும் அந்த ஒரு கணத்துக்காக.